ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு ஏழரை மணி வரை டியூஷன் தேவைதானா?

அனுப்பர்பாளையம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறேன், வீட்டுக்காரர் சாயப்பட்டறை வேலை. பையனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது, மெட்ரிக் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். நாலு மணிக்கு வேன் முக்கில் இறக்கிவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பக்கத்து வீதி அக்காவிடம் டியூஷனுக்குப் போய்விடுவான், ஏழரைக்குத்தான் விடுவார்கள். ஷிப்மென்ட் நெருக்கும்போது எனக்கு ஒன்றரை ஷிப்ட், வீட்டுக்கு வர ஒன்பதரை ஆகிவிடும். அதுவரை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு முழங்கால் வலி, பையன் கையில் போன் இருக்கும்.

இப்போது என்ன பிரச்சினை என்றால், ராத்திரி தட்டில் சோற்றை வைத்தால் ரெண்டு வாய் சாப்பிடுவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறான். காலையில் எழுப்பினால் அழுகை. பள்ளியில் மிஸ் டைரியில் எழுதி அனுப்புகிறார், எழுத்துக்கூட்டிப் படிக்க மெதுவாக இருக்கிறான், ஆங்கில எழுத்துகளைத் திருப்பித் திருப்பிப் போடுகிறான், வீட்டில் இன்னும் கவனியுங்கள் என்று. டியூஷன் அக்கா இன்னொரு அரை மணி நேரம் சேர்த்து வைத்துக்கொள்கிறேன் என்கிறார். என் மனதுக்கு நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. நிறுத்தினால் யார் படிக்கவைப்பது என்று வீட்டுக்காரர் கேட்கிறார், அதுவும் நியாயம்தான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பல்லடம் அப்பா

நிறுத்தாதீங்க அம்மணி. நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறீர்கள், டைரியில் எழுதி வருவது பூராவும் இங்கிலீஷ், அதை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் வேண்டுமே. படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவே டியூஷன். நம்மைப் போன்றவர்கள் காசு கொடுத்துத்தான் அதை வாங்க வேண்டியிருக்கிறது. என் பெண் யுகேஜியில் இருந்தே டியூஷன் போகிறாள், இப்போது நாலாம் வகுப்பு, கணக்கில் முதல் ரேங்க். சின்ன வயதில் பழகாவிட்டால் ஆறாம் வகுப்புக்கு மேல் உட்காரவே மாட்டார்கள். தூக்கம் எல்லாம் பழகிவிடும்.

விழுப்புரம் டீச்சர்

அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த டைரி விஷயம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம் நவம்பரில் மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது, அந்த வகுப்புகளுக்குப் புத்தகப்பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பதையும் சேர்த்து. 2020இல் வந்த பள்ளிப்பைக் கொள்கையிலும் இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கிடையாது, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கே இரண்டு மணி நேரம்தான். உங்கள் பையன் ஒரே நாளில் பள்ளிக்கு மேல் மூன்றரை மணி நேரம் உட்காருகிறான். ஆறு வயதுக் குழந்தை ஒரு வேலையில் மனம் ஒன்றி இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம், கதை நன்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம். மீதி நேரம் உடம்பு மட்டும்தான் அங்கே இருக்கும்.

அடுத்தது, எழுத்தைத் திருப்பிப் போடுவது. ஏழு வயது வரைக்கும் இது சாதாரணம், என் வகுப்பில் பாதிப் பேர் செய்வார்கள். அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதவைத்தால் கை வலிக்கும், வெறுப்பு வரும், எழுத்து திரும்பாது. எங்கள் பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அங்கிருந்துதான் தொடங்குகிறோம். எட்டு வயதுக்குள் பிழையில்லாமல் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் வந்துவிட வேண்டும் என்பதுதான் அதன் இலக்கே. எட்டு வயது சகோதரி. ஆறு வயதில் மெதுவாக இருக்கிறான் என்று சொல்லிப் பயமுறுத்துவதற்கு ஒன்றுமில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முன்பெல்லாம் பதினொரு மணி ஆனால் போதும், ரெண்டு மூன்று பிள்ளைகள் வயிறு வலிக்கிறது டீச்சர் என்று வந்து நிற்பார்கள். பார்த்தால் பட்டினி, அம்மா விடியற்காலையிலேயே கூலி வேலைக்குப் போயிருப்பார், பழைய சோறுகூட இருந்திருக்காது. 2023 ஆகஸ்ட் 25இல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, அதற்கு முந்தைய வருடம் மதுரையில் தொடங்கியது அது. உப்புமாவோ பொங்கலோ சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குள் வருகிறார்கள், அந்தப் பதினொரு மணி வயிற்றுவலி எங்கே போனது என்றே தெரியவில்லை. முதல் பீரியடில் வாய் திறக்காத ஒரு பெண் குழந்தை இப்போது மற்றவர்களை முந்திக்கொண்டு கையைத் தூக்குகிறது. நான் பாடம் நடத்தும் விதம் மாறவில்லை, பிள்ளையின் வயிறு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் பையன் நாலரை மணிக்கு டியூஷனில் உட்காரும்போது வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

மதுரை செவிலியர்

டீச்சர் சொன்னதோடு நான் தூக்கத்தைச் சேர்க்கிறேன். பல்லடம் அண்ணா தூக்கம் பழகிவிடும் என்று எழுதியிருக்கிறார், பழகாது அண்ணா. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான். பகலில் படித்தது மூளையில் தங்குவதும் அப்போதுதான். தூக்கத்தைக் குறைத்துவிட்டு டியூஷனை நீட்டினால் சொல்லிக்கொடுத்ததே நிற்காது. இன்னொன்று கவனியுங்கள், பெரியவர்களுக்குத் தூக்கம் குறைந்தால் சோர்ந்து உட்காருவோம், சின்னப் பிள்ளைகளில் நிறையப் பேர் அதற்கு நேர்மாறாகத் துள்ளுவார்கள், அடம் பிடிப்பார்கள், ஒரு இடத்தில் நிற்க மாட்டார்கள். அதைப் பார்த்து சேட்டைக்காரன் என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

சாயங்காலம் என்ன கொடுக்கிறீர்கள் தங்கச்சி? நிறைய வீடுகளில் டீயும் பன்னும்தான். டீயில் இருப்பது இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கும். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பே சொன்னது. சோகை பிடித்த பிள்ளை மந்தமாகத்தான் இருக்கும், படிப்பில் ஆர்வமில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்து உள்ளே வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள், சந்தேகமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை. வருடத்துக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்களே, அதைத் தவறவிடாதீர்கள். டீக்குப் பதில் ஒரு வேகவைத்த முட்டை, இல்லை சுண்டல், இல்லை வேர்க்கடலை உருண்டை ஒன்று. செலவு பெரிதாக ஏறாது.

அனுப்பர்பாளையம் அம்மா

டீச்சர், அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. நீங்கள் கேட்டது சரிதான், டீயும் பன்னும்தான் கொடுக்கிறோம், டியூஷனுக்குப் போகிற வழியில் பேக்கரியில். மதியம் டிபன் பாக்ஸில் பாதி மிஞ்சி வருகிறது, கேட்டால் சாப்பிட நேரம் இல்லை என்கிறான். பத்தரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுகிறான், ஆறே முக்காலுக்கு வேன். கணக்குப் போட்டால் ஏழரை மணி நேரம்தான் வருகிறது. விளையாட்டு என்று தனியாக ஒன்றும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

தருமபுரி அங்கன்வாடி அக்கா

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், விளையாட்டு இல்லை என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் மையத்துக்கு மூன்று வயதில் வரும் பிள்ளையின் கையில் பென்சில் கொடுக்க மாட்டோம். வெளியே இருந்து பார்க்கிற பெற்றோர் என்ன ஒன்றுமே எழுதவைக்கவில்லையா என்று கேட்டுவிட்டு எல்கேஜிக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பாதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், விரலில் பிடிமானம் வந்திருக்காது. களிமண் உருட்டுவது, மணி கோப்பது, துணியைப் பிழிவது, பட்டாணி உரிப்பது, இதில்தான் விரலுக்குப் பலம் வரும், அப்புறம் பென்சில் தானாக நிற்கும். எழுத வராத பிள்ளையை எழுதவைத்துப் பழக்குவதைவிடச் சப்பாத்தி மாவைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

மாமியாருக்கு முழங்கால் வலி என்கிறீர்களே, உட்கார்ந்தபடியே பல்லாங்குழி ஆடலாமே. பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆளுக்கு ஏழு குழி. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், வெறும் குழி வந்தால் அடுத்த குழியில் இருப்பதைத் துடைத்து எடுக்க வேண்டும், நாலு சேர்ந்தால் பசு. எண்ணுவது, கூட்டுவது, எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டிப் பார்ப்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது, தோற்றால் அழாமல் இருப்பது, எல்லாம் அதற்குள் இருக்கிறது. பாட்டி ஆடிக்கொண்டே நாலு கதை சொல்வார். போன் பேசும், ஆனால் பிள்ளை பேசுவதைக் கேட்டுப் பதில் சொல்லாது. ஒரு வீட்டில் பெரியவர்கள் பிள்ளையோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்பது அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். பணம் இருக்கிற வீடு, இல்லாத வீடு என்ற வித்தியாசம் அதில் இல்லை.

பல்லடம் அப்பா

எல்லோரும் நல்லதுதான் சொல்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் பல்லாங்குழி ஆடினால் தனியார் பள்ளியில் ரெண்டாம் வகுப்பில் வைக்கிற டெஸ்டில் மார்க் வருமா? மார்க் குறைந்தால் பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புகிறார்கள், அந்த அவமானம் அவனுக்குக் கெடுதல் இல்லையா? உயர் நீதிமன்றம் சொன்னதைப் பள்ளி கேட்கவில்லை என்றால் அதற்கான விலையை என் பிள்ளைதானே கொடுக்க வேண்டியிருக்கிறது. நான் தறி ஓட்டியவன். என் பெண் தறிக்கு வரக் கூடாது என்பதுதான் எனக்குக் கவலை. அதற்காகக் கொஞ்சம் கடுமையாக இருக்கிறேன், அதில் தப்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

விழுப்புரம் டீச்சர்

அண்ணா, உங்கள் கவலையைக் குறைத்துப் பேச மாட்டேன், நானும் என் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிப் படிப்பை முடித்தவள். ஆனால் நாலாம் வகுப்புப் பெண்ணுக்கும் ஒன்றாம் வகுப்புப் பையனுக்கும் ஒரே அளவு வைக்க முடியாது. உங்கள் மகள் கணக்கில் முதலிடம் வருகிறாள் என்றால் அதில் அவளுடைய திறமை இருக்கிறது, நீங்கள் தினமும் நோட்டை எடுத்துப் பார்க்கிறீர்கள் என்பது இருக்கிறது. எழுத்து தெரியாத எங்கள் அம்மா ராத்திரி அடுப்பு வேலை முடிந்ததும் இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்பார், நான் வாய்விட்டுப் படிப்பேன், தப்பாகப் படித்தாலும் அவருக்குத் தெரியாது, ஆனால் அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் புரிந்து படித்தேன். இங்கிலீஷ் தெரியாத அப்பா அம்மாவால் ஒன்றும் முடியாது என்ற எண்ணத்தைப் பள்ளிகளும் டியூஷன்களும் சேர்ந்து நம் தலையில் ஏற்றிவைத்திருக்கின்றன. எனக்கு அதில்தான் கோபம்.

கம்பெனி யூனியன் தம்பி

இந்த இழையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த அக்கா டியூஷனுக்கு அனுப்புவது படிப்புக்காக மட்டும் இல்லை, நாலு மணியிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு இடம் இல்லை என்பதால்தான். திருப்பூரில் பாதி டியூஷன் பிள்ளை பார்த்துக்கொள்ளும் இடம்தான், பெயர்தான் டியூஷன். 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டம் 48ஆம் பிரிவில் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது, அதுவும் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான். எத்தனை கம்பெனியில் அது உருப்படியாக நடந்தது என்பது வேறு கதை. ஆறு வயது முடிந்த மறுநாள் அந்தப் பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை. பள்ளி நாலு மணிக்கு விடுகிறது, கம்பெனி ஐந்தரைக்கோ ஒன்பதரைக்கோ விடுகிறது, நடுவில் இருக்கிற நேரம் யார் பொறுப்பு? அம்மாக்களைக் கேட்பதற்கு முன்னால் இதை அரசாங்கத்திடமும் முதலாளிகளிடமும் கேட்க வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தார்கள், தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாட்டு, கதை, விளையாட்டு என்று நடத்தினார்கள். எங்கள் வீதியில் நடந்தபோது பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்திருக்கிறேன். அதைப் போல, ஆனால் ஏழு ஏழரை வரை, சாயங்காலச் சிற்றுண்டியோடு, தொழிலாளர் குடியிருக்கும் பகுதிகளில் வேண்டும். இதற்காக நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சேலம் மாணவன்

நான் கல்லூரி ரெண்டாம் வருடம். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கும் சின்ன வயதில் டியூஷன் இருந்தது, சாப்பாடு இருந்தது, தூங்க நேரமும் இருந்தது. ஆனால் அப்பா குடித்துவிட்டு வருவார், அம்மாவோடு சண்டை, படுத்தபடி கதவுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பேன். மறுநாள் வகுப்பில் சார் சொல்வது காதில் விழும், மனதுக்குள் போகாது. மக்கு என்று அடித்திருக்கிறார்கள். பள்ளியில் அடிக்கவோ மனதைப் புண்படுத்தவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் இருப்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 1098 என்று குழந்தைகளுக்கான ஒரு உதவி எண் இருப்பதும் தெரியாது. ஒரு பிள்ளை மெதுவாகப் படிக்கிறது என்றால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு ஆசிரியராவது தனியாகக் கூப்பிட்டு அன்பாகக் கேட்க வேண்டும். அந்த அம்மா வீட்டில் அப்படி என்று சொல்லவில்லை, மன்னிக்கவும். அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

மதுரை செவிலியர்

மன்னிப்பெல்லாம் எதற்கு தம்பி, இதுதான் முக்கியம். பயந்துகொண்டே இருக்கிற பிள்ளையின் உடம்பு எப்போதும் எச்சரிக்கையாகவே இருக்கும், தூக்கமும் பசியும் கெடும், கற்றுக்கொள்வதற்கு மனம் திறக்காது. உனக்கு இப்போதும் ராத்திரியில் அந்தப் பதற்றம் வருகிறது என்றால் மனநல ஆலோசகரைப் பார், அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள்.

அனுப்பர்பாளையம் அம்மா

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டுக்காரரிடமும் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ராத்திரி எட்டு மணிக்குள் நான் வந்துவிடுகிற நாட்களில் சாப்பாட்டை நானே கொடுக்கிறேன் என்றார். அவர் எப்போதும் பையனிடம் படித்தாயா என்று மட்டும்தான் கேட்பார், நேற்று விளையாடக் கூட்டிப் போனார்.

டியூஷன் அக்காவிடம் பேசினேன். முழுசாக நிறுத்த முடியாது, யூனியன் தம்பி சொன்னதுபோல விட இடம் இல்லை. நாலரையிலிருந்து ஐந்தரை வரை வாசலில் விளையாட விடுங்கள், சுண்டல் டப்பாவில் கொடுத்தனுப்புகிறேன், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் மட்டும் படித்தால் போதும், ஆறரைக்கு மாமியார் வந்து கூட்டிக்கொள்வார் என்றேன். விளையாட விட்டால் மற்ற பெற்றோர் ஃபீஸ் எதற்கு என்று கேட்பார்கள் என்று யோசிக்கிறார். அரை மணி நேரம் சரி என்றிருக்கிறார், எல்லாப் பிள்ளைகளையுமே விடப்போகிறாராம். ஷிப்மென்ட் நாட்களுக்கு இன்னும் வழி தெரியவில்லை.

டீச்சர், ஒன்று மட்டும் கேட்கிறேன். மிஸ்ஸிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? நீதிமன்றம் அது இது என்று பேசினால் பையனைத்தான் ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

விழுப்புரம் டீச்சர்

சட்டம் பேச வேண்டாம் சகோதரி, முதல் தடவை வேண்டவே வேண்டாம். அந்த மிஸ்ஸும் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு மேலே இருப்பவர்களுக்குப் பதில் சொல்கிறவராக இருக்கலாம். டைரியில் எழுதாமல் நேரில் போங்கள், சனிக்கிழமை பள்ளி இருந்தால் அன்றைக்கு. கணவரையும் கூட்டிப் போங்கள், அப்பா வந்து நின்றால் மரியாதையாகக் கேட்கிறார்கள், அப்படித்தான் இருக்கிறது நம் ஊர். மூன்றே விஷயம் கேளுங்கள். பலகையில் எழுதுவது உட்காரும் இடத்தில் இருந்து அவனுக்குத் தெரிகிறதா, மதியம் சாப்பிட எவ்வளவு நேரம் விடுகிறார்கள், வகுப்பில் அவன் எப்போது சந்தோஷமாக இருக்கிறான். மூன்றாவது கேள்விக்கு அவர் என்ன சொல்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள், அவனைக் கவனிக்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். வீட்டில் எழுதுவதைக் குறைத்துவிட்டு வாய்விட்டுப் படிக்கவைக்கப் போகிறோம், ரெண்டு மாதம் பாருங்கள் மிஸ் என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் கண் பரிசோதனை செய்துவிடுங்கள், படிக்க மெதுவாக இருக்கும் பிள்ளைகளில் சிலருக்குப் பார்வைதான் காரணம், அரசு மருத்துவமனையில் காசு கேட்க மாட்டார்கள்.

பல்லடம் அப்பா

கண் பரிசோதனைக்குத் திருப்பூர் அரசு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு போட்டுவிடுங்க அம்மணி, லேட்டானால் கூட்டம். என் பெண்ணையும் இந்த வாரம் கூட்டிப் போகிறேன்.